வெற்றிலைத் தட்டமும் உளநூலும்

திருக்குறளிலே 'மருந்து' என்னும் அதிகாரம் 95ஆவது. அதற்கு முன் நிற்பது 'சூது'. அதற்கும் முன் நிற்பது 'கள்ளுண்ணாமை'. மனிதனைப் பற்றிக்கொள்ளும் பழக்கங்களை முதலிற் சொல்லி, மருந்தை அதன்பின் சொன்ன வைப்புமுறையை மாணாக்கருக்கு எடுத்துக் காட்டுவதில் எனக்குத் தனியானதொரு மகிழ்ச்சி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு நாட் பிற்பகல், அவ்வாறே எடுத்துக் காட்டினேன். மணி அடித்தது. ஆசிரியர் அறைக்கு வந்தேன். மேசை இழுப்பறையைத் திறந்தேன். வெற்றிலையின் நரம்பைக் கிழித்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கும் ஒரு விரற்கடைப் புகையிலையும் வைத்து மடித்து வாயில் இட்டேன்.

கற்பித்ததற்கும் செய்ததற்கும் இடையில் ஐந்து நிமிடந்தானும் கழியவில்லை. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

நல்லது இன்னதென்று அறிந்தவர் ஏன் அதனைச் செய்வதில்லை? தீயது இன்னதென்று அறிந்தவர் ஏன் அதனை விடுவதில்லை? இவ்வினாவை அறநூலார் கேட்டனர், சமயநூலார் கேட்டனர். கடந்த எழுபது ஆண்டுகளாக உளநூலாரும் கேட்டு வருகின்றனர். அவர்கள் கண்டவற்றை என் வாயிலுள்ள ஒரு வெள்ளைத் தழும்பை முன்வைத்து ஈண்டு ஆராயலாம் என்று எண்ணுகிறேன்.

கொட்டிலும் தமிழும்

நான் பிறந்ததும் வளர்ந்ததும் கொக்குவிலில். கொக்குவில், கொண்டாவில், இணுவில் என்னும் ஊர்கள் புகையிலைக்கும் சுருட்டுக்கும் பேர்போனவை. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. சுருட்டோ தென்னிலங்கைக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடை இல்லாத கடைத்தெரு அந்நாளில் அங்கே அரிது.

என் தந்தையார் ஒரு சுருட்டுக் கொட்டிலிலே வேலை செய்தவர். காலையிற் போய்ப் பலகைக்கு முன் சம்மணமிட்டு இருந்தால் பொழுது சாயும்வரை கை ஓயாது. கண்ணுக்கும் கைக்கும் வேலை. செவி சும்மா இருந்தது. ஆதலின் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றையோர் கேட்டுக்கொண்டே சுற்றுவர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசிக்கும் பணி எனக்கு. செய்தி முடிந்தால் தொடர்கதை. தொடர்கதை முடிந்தால் கந்தபுராணம். பிழையாக வாசித்தால், தலை நிமிராமலே திருத்துவதற்கு அங்கே நால்வர் இருந்தனர். பின்னாளிலே பிராசீன பாடசாலையிற் பண்டிதர் வகுப்பிலிருந்து படித்தேன் என்றாலும், என் தமிழுக்கு ஏடு தொடக்கியது அக்கொட்டிலே. என் புத்தகப் பணமும் அங்கிருந்தே வந்தது.

ஆகவே புகையிலையைப் பழித்துப் பேச எனக்கு நா எழுவதில்லை. பழந்தமிழ்ப் புலவருக்கும் எழவில்லை போலும். சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு பிரபந்தமே செய்தார். அன்னத்தையும் முகிலையும் தூது விட்ட தமிழ், பழனி முருகனிடம் புகையிலையைத் தூது விட்டது. அதனை ஏட்டிலிருந்து பதிப்பித்துத் தந்தவர் வேறு யாருமல்லர், மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரே.

எனினும் புகையிலை என் வாய்க்குள் வந்தது கொட்டிலிலிருந்து அன்று. தந்தையார் இருந்த காலத்தில் நான் அதனைத் தீண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது நானும் நடந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தைந்து. மீசாலையில் ஒரு மரத்தடியிலே, சோறு வர நேரஞ்சென்ற ஒரு நாள், அருகிலிருந்த முதியவர் ஒருவர் தம் மடியை அவிழ்த்து, "இதைப் போடும் தம்பி, பசி தெரியாது" என்று ஒரு துண்டு தந்தார். பசி தெரியவில்லைதான். அடுத்த ஆண்டு கொக்குவிலுக்குத் திரும்பி வந்தோம். பசி நீங்கியது, புகையிலை நீங்கவில்லை.

வெள்ளைத் தழும்பு

பல்வலி என்று போன இடத்திலேதான் அது கண்டுபிடிக்கப்பட்டது. பல் வைத்தியர் என் இடக் கன்னத்தின் உட்புறத்தைச் சிறு கண்ணாடியாற் காட்டினார். சுவரிலே சுண்ணாம்பு படிந்தாற்போல ஒரு வெண்தட்டு. உரசினாற் போகவில்லை. ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்று அன்று என்று விடை வந்தது. "ஆனால் ஐயா, இது புற்றுக்குப் போகக்கூடிய வழி. வெத்திலையை விடவேணும்" என்றார். இலங்கையில் ஆண்களுக்கு மிகுதியாக வரும் புற்று வாய்ப்புற்றே என்பதையும் சொன்னார்.

நான் தலையசைத்தேன். வீட்டுக்கு வந்தேன். பிறகு எட்டு மாதம் வெற்றிலை போட்டேன்.

அந்த எட்டு மாதமும் என் அறிவு சோம்பியிருக்கவில்லை. மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்தது; எனக்கு எதிராக. 'அப்பா நாள்தோறும் சுருட்டுப் பற்றி எண்பத்தொரு வயதுவரை இருந்தாரே' என்றது. 'வெண்தட்டு உள்ளவர் எல்லாருக்குமா புற்று வருகிறது?' என்றது. 'புகையிலையை மட்டும் விட்டாற் போதும், வெற்றிலையும் பாக்கும் மங்கலப் பொருள்' என்றது. இது அறியாமை அன்று. கற்றவனுடைய அறியாமை, காரணங் காட்டவல்ல அறியாமை.

லியோன் ஃபெஸ்ரிங்கர் என்னும் உளநூலார் 1957இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒருவன் அறிந்ததும் செய்வதும் முரணும்போது மனம் அம்முரணைப் பொறாது. செய்கையை மாற்றுவது கடினம்; அறிந்ததை மாற்றுவது எளிது. ஆதலின் மனம் எளிதானதைச் செய்கிறது. ஃபெஸ்ரிங்கர் தம் கொள்கைக்கு முதலில் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று, புகைப்பவன் புகையின் தீமையை ஐயுறுவது.

என் மனமும் அவ்வழியே சென்றது. தந்தையாரின் எண்பத்தொரு வயதை எண்ணிய அம்மனம், அதே கொட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து சுற்றிய என் சின்னையா ஐம்பத்தாறாம் வயதில் வாய்ப்புற்றினால் இறந்ததை எட்டு மாதமும் ஒருமுறையேனும் எண்ணவில்லை. அவர் இறுதி நாட்களிற் கஞ்சியும் விழுங்கமாட்டாது கிடந்ததை நான் கண்ணாற் கண்டவன்.

அஞ்சியவர் மாறுவரோ?

என்னிடம் தமிழ் படித்த மாணாக்கர் ஒருவர் இப்போது வைத்தியர். ஆடியபாதம் வீதியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே படித்துத் தேறியவர். ஒரு மாலை என்னைப் பார்க்க வந்தார். நான் வாய்க்குள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நலம் விசாரித்தேன். அவர் ஒன்றுங் கூறாது இருந்தார். நானே தழும்புக் கதையைச் சொன்னேன்.

"தம்பி, நீர் கொஞ்சம் பயப்படுத்திச் சொல்லும். பயம் வந்தால் விட்டுவிடுவன்" என்றேன்.

"ஐயா, பயம் காட்டினால் ஆக்கள் விட்டுவிடுவினம் எண்டால், சிகரெட் பெட்டியிலை உள்ள படங்களோடை எல்லாரும் விட்டிருப்பினமே" என்றார் அவர்.

உண்மைதான். இலங்கையில் 2015ஆம் ஆண்டு முதல் சிகரெட்டுப் பெட்டியின் நூற்றுக்கு எண்பது பங்கு எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அப்படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே பெட்டியைத் திறப்பாரை நாம் காண்கிறோம். அன்று தொடங்கிய உரையாடல் பல மாலைகள் நீண்டது. அவர் சொல்லக் கேட்டும், அவர் தந்தவற்றைப் படித்தும் அறிந்தவற்றையே இனிக் கூறுகிறேன்.

1950களில் ஐக்கிய அமெரிக்காவின் பொதுச் சுகாதார சேவையினர்க்கு ஒரு வியப்பு ஏற்பட்டது. காசநோயைக் கண்டறியும் எக்ஸ்றேப் படம் இலவசமாக எடுக்கப்பட்டது. வண்டி ஊருக்கே வந்தது. அப்படியிருந்தும் பலர் வரவில்லை. ஏன் என ஆராய்ந்தவர்களுள் ஹொக்பாம், றோசன்ஸ்ரொக் என்போர் தலையாயவர். 'எனக்கும் இந்நோய் வரலாம்' என்ற எண்ணம், 'முன்னரே கண்டறிந்தாற் பயன் உண்டு' என்ற எண்ணம் ஆகிய இரண்டும் உடையவர்களில் நூற்றுக்கு 82 பேர் தாமாகவே படம் எடுத்திருந்தனர். இரண்டும் இல்லாதவர்களில் 21 பேரே எடுத்திருந்தனர். இதிலிருந்து எழுந்த கொள்கை 'சுகாதார நம்பிக்கை மாதிரி' எனப்படும். நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு கொடிது, விட்டால் என்ன நயம், விடுவதற்கு என்ன தடை என்னும் நான்கையும் மனிதன் தன் மனத்தில் நிறுத்துப் பார்க்கிறான் என்பது அதன் சாரம்.

நல்ல கொள்கையே. ஆனால் மனம் நேர்மையான தராசு அன்று என்பதை என் எட்டு மாதமும் காட்டின. என் தராசின் ஒரு தட்டை நானே விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அச்சத்தைப் பற்றிய ஆய்வும் ஒன்று உண்டு. 1953இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்னும் இருவர், பாடசாலை மாணாக்கருக்குப் பற்சுகாதாரம் பற்றி மூவகையான விரிவுரைகள் நிகழ்த்துவித்தனர். ஒன்றிலே கோரமான படங்களும் கடுமையான எச்சரிக்கையும்; இன்னொன்றிலே மிதமான அச்சம்; மூன்றாவதிலே மிகச் சிறிது. கோரமான விரிவுரையைக் கேட்டவர்களே மிகவும் கலங்கினர். ஆனால் ஒரு வாரஞ் சென்று பார்த்தபோது, சொன்னபடி செய்தவர்கள் அவர்களிற் குறைவு. மிகச் சிறிது அச்சுறுத்தப்பட்டவர்களிலே மிகுதி. அஞ்சியவன் அஞ்சத் தக்கதை விட்டு ஓடுவதற்குப் பதில், அதனைச் சொன்னவனை விட்டு ஓடிவிடுகிறான். நான் பல் வைத்தியரிடம் எட்டு மாதம் போகாதிருந்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கிற்று. பின்வந்த ஆய்வாளர் இதனைத் திருத்திக் கூறினர்: அச்சம் முற்றும் பயனற்றதன்று, தப்பும் வழியும் கூடவே காட்டப்படின் அது பயன்படும் என்றனர்.

படிகள் ஐந்து

1983இல் புறொச்சஸ்கா, டிகிளெமென்ரே என்போர் தாமாகவே புகைத்தலை விட முயன்றவர்களை ஆராய்ந்து, மாற்றம் படிப்படியாக நிகழ்வது என்றனர். விடவேண்டுமென்ற எண்ணமே இல்லாத நிலை, எண்ணிப் பார்க்கும் நிலை, ஆயத்த நிலை, செயல் நிலை, பேணும் நிலை எனப் படிகள் ஐந்து. வழுக்கி விழுந்தவன் மீண்டும் ஏறலாம் என்றும் கூறினர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிமுறை கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் உவப்பாயிருக்கும். எனக்கும் இருந்தது.

ஆயினும் உவப்பானது எல்லாம் முற்றும் உண்மையாகிவிடாது. மனிதர் இவ்வாறு ஒழுங்காகப் படியேறுவதில்லை, திட்டமின்றித் திடீரென விடுவோரும் பலர், ஆதலின் இக்கொள்கையை உறங்கவிடுதலே நன்று என்று 2005இல் றொபேட் வெஸ்ற் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் எழுதினார். என் வரையில், 'எண்ணிப் பார்க்கும் நிலை' என்னும் அழகிய பெயரைக் கேட்ட பின்னர், அந்நிலையிலே மேலும் இரண்டு மாதம் சுகமாக இருந்துவிட்டேன். பெயர் சூட்டப்பட்ட குற்றம் பாதி மன்னிக்கப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது.

அய்சென் என்பவர் வகுத்த கொள்கை வேறொரு கதவைத் திறந்தது. ஒருவனுடைய எண்ணத்தை ஆக்குவன மூன்று என்பது அவர் கருத்து. அச்செயலைப் பற்றிய அவனது மதிப்பு ஒன்று. தனக்கு வேண்டியவர்கள் அதனைப் பற்றி என்ன நினைப்பர் என்பது இன்னொன்று. தன்னால் அது இயலுமா என்பது மூன்றாவது. அல்பேட் பண்டுறா 1977இல் வற்புறுத்திய 'என்னால் இயலும்' என்னும் நம்பிக்கையும் இம்மூன்றாவதனோடு ஒப்பு நோக்கத் தக்கது. சிறு வெற்றிகளை முதலிற் கண்டவனுக்கே அந்நம்பிக்கை வளரும், பிரசங்கத்தினால் வளராது என்பது பண்டுறாவின் முடிபு. ஆசிரியராகிய நாம் அறியாததோ இது? முதற் கணக்கைப் பிழையின்றிச் செய்த பிள்ளை இரண்டாவதற்குத் தானே கையை நீட்டும்.

ஒரு படமும் ஒரு வினையெச்சமும்

இவையெல்லாவற்றிலும் என்னை அசைத்தது மிகச் சிறிய ஓர் ஆய்வு. அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் 1965இல் லெவென்தால் என்பவரும் அவர் துணைவரும் செய்தது. ஏற்புவலி என்னும் நோய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி மாணவர்க்கு அறிவுறுத்தினர். அறிவுரையாற் பலரும் மனம் மாறினர். போடுவது நல்லதென்று ஒப்புக்கொண்டனர். போட்டவர்களோ நூற்றுக்கு 3 பேர் அளவே. வேறு சிலருக்கு அறிவுரையோடு ஒரு தாளும் கொடுத்தனர். அதிலே பல்கலைக்கழக வளவின் படம் வரைந்து, மருத்துவ நிலையம் வட்டமிடப்பட்டிருந்தது. எந்த நேரம் போவாய், எவ்வழியாகப் போவாய் என்று எண்ணிக்கொள் எனவுஞ் சொன்னார்கள். அவர்களில் 28 பேர் அளவிற் போய்ப் போட்டனர். அவர்கள் எல்லாரும் அம்மருத்துவ நிலையம் எங்கிருக்கிறது என்பதை முன்னரே அறிந்திருக்கக்கூடிய இறுதி வருட மாணவர்!

அறிவு கூடவில்லை, அச்சம் கூடவில்லை. இடமும் நேரமும் குறிக்கப்பட்டன. அவ்வளவுதான்.

பின்னாளில் கோல்விற்சர் என்னும் ஜெர்மானியர் இதனை ஒரு வாய்பாடாகவே ஆக்கினார். 'இன்னது நிகழின் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டவன், 'செய்வேன்' என்று மட்டும் உறுதி பூண்டவனிலும் மேலாகச் செய்துமுடிக்கிறான் என்று 1999இல் எழுதினார். இதனைப் படித்ததும் நான் நகைத்தேன். 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை முப்பது ஆண்டுகளாகப் படிப்பித்து வருபவன் நான். எதிர்கால வினையெச்ச விகுதிகளிலே வான், பான் என்பவற்றோடு 'பாக்கு' என்பதும் ஒன்று. அந்தப் பாக்கை மாணாக்கருக்குக் கொடுத்துவிட்டு, மற்றப் பாக்கை நான் வைத்துக்கொண்டேன்.

மாணாக்கரான வைத்தியர் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தை என் கையில் தந்தார். "ஐயா, இப்ப விடவேண்டாம். ஒரு கிழமைக்கு எப்ப போடுறீங்கள், எங்கை போடுறீங்கள், பக்கத்திலை ஆர் எண்டு மட்டும் எழுதுங்கோ" என்றார். எழுதினேன். ஒரு நாளைக்குப் பதினொரு முறை. அவற்றில் நாவின் விருப்பத்தாற் போட்டவை இரண்டோ மூன்றோதான். மற்றவையெல்லாம் இடத்துக்கும் நேரத்துக்கும் உரியவை. பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்குள் கால் வைத்ததும் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டின் பின் சாய்மனைக் கதிரையில் ஒன்று. மாலையில் வாசிகசாலைத் திண்ணையிலே நண்பர்களோடு ஒன்று. என் பழக்கம் என் வாயில் இருப்பதாக எண்ணியிருந்தேன். அது இழுப்பறையிலும் கதிரையிலும் திண்ணையிலும் இருந்தது.

ஆகவே வினையெச்சங்களை வகுத்தேன். ஆசிரியர் அறைக்குள் நுழையின், இழுப்பறையண்டை போகாது குழாயடிக்குப் போய் வாய் கொப்பளிப்பேன். சோறு உண்டு எழுந்தால், கதிரையிற் சாயாமல் முற்றத்துச் செவ்வரத்தைக்கு நீர் இறைப்பேன். திண்ணையில் ஒருவர் மடியை அவிழ்த்தால், நான் பத்திரிகையை உரத்து வாசிப்பேன். இம்மூன்றாவது எனக்கு மிகவும் உகந்தது. கொட்டிலிலே பழகிய தொழில் அல்லவா?

புகையிலையை மட்டும் நீக்கி வெற்றிலையையும் பாக்கையும் வைத்துக்கொள்ளலாம் என்ற என் பழைய வாதத்துக்கும் விடை கிடைத்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்று விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இலேயே முடிவு செய்தது. பாக்குத் தானும் புற்று விளைப்பதே என்று 2004இல் அது வெளியிட்ட நூல் கூறுகிறது. ஆகவே சமரசத்துக்கு இடமில்லை.

தட்டத்தை மறுப்பது எங்ஙனம்?

இழுப்பறையை வெல்லலாம். தட்டத்தை வெல்வது எளிதன்று.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே, கோவலனுக்குக் கண்ணகி தன் கையாற் சமைத்து இட்ட இறுதி உணவின் பின், அவள் அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். இளங்கோவடிகள் அதனை மறவாது பாடினார். வெற்றிலை கொடுத்தல் என்பது நம்மவர்க்கு அன்பின் மொழி. மங்கலத்துக்கு அழைப்பதும் வெற்றிலை. விருந்தை வரவேற்பதும் வெற்றிலை. செத்தவீட்டிலே துயரத்தைப் பங்கிடுவதும் வெற்றிலையும் சுருட்டும். தட்டத்தை நீட்டுபவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லுதல், வாயில் வந்த உறவை வேண்டாமென்பது போலாகும். அய்சென் சொன்ன இரண்டாவது பொருள் இதுவே. வேண்டியவர் என்ன நினைப்பரோ என்னும் எண்ணத்தின் முன், வெண்தட்டைப் பற்றிய எண்ணம் தோற்றுப்போகிறது.

இதற்கு வழி சொன்னவர் உளநூலார் அல்லர், என் மனைவியார். "இஞ்சருங்கோ, வேண்டாமெண்டு சொல்லாதையுங்கோ. எடுத்து மடியிலை வையுங்கோ. தாறவைக்கும் மனம் குளிரும், உங்கடை வாய்க்கும் ஒண்டுமில்லை" என்றார். அவ்வாறே செய்தேன். கொடுத்தது ஏற்கப்பட்டது, மரியாதை காக்கப்பட்டது. வெற்றிலை மாலையில் வீட்டு மாட்டுக்குப் போயிற்று.

மூன்று மாதங் கழிந்தது. ஒரு பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் வேண்டும் என்று இலண்டனில் லாலி என்பவர் 2010இல் ஆராய்ந்து, நடுத்தரமாக 66 நாள் என்றார். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை விரிந்தது அவர் கணக்கு. நான் 66ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வென்றேன் என்று இறுமாந்தேன். அப்போது என்னோடு வாசிகசாலைத் திண்ணையில் இருபது ஆண்டு இருந்த நண்பர் இறந்தார். செத்தவீட்டிலே அவர் மகன் கண்ணீரோடு தட்டத்தை என் முன் வைத்தான். அப்பா வழக்கமாக எனக்கு மடித்துக் கொடுப்பதுபோல, அவனே மடித்துப் புகையிலையும் வைத்து நீட்டினான். நான் மடியில் வைக்கவில்லை. வாயில் வைத்தேன்.

அன்றிரவு நான் பட்ட வெட்கம் பெரிது. 'எல்லாம் போயிற்று, இனி என்ன?' என்றது மனம். மறுநாட் காலையிலே கை தானாகவே இழுப்பறைக்குப் போயிற்று. அலன் மார்லற் என்னும் உளநூலார் 1985இல் எழுதியது இதனையே. ஒரு முறை தவறுதல் வேறு, விழுந்தே கிடத்தல் வேறு. ஒரு முறை தவறியவனை முற்றாக விழுத்துவது அந்த ஒரு வாய் அன்று. 'நான் இவ்வளவுதான்' என்று அவன் தன்னைப்பற்றித் தானே செய்யும் தீர்ப்பு. இதனை முன்னரே படித்திருந்தமையால் கையை எடுத்தேன். நூல் படித்ததன் பயன் என் வாழ்விலே கண்கூடாகத் தெரிந்த தருணங்களில் அது ஒன்று. குறிப்புப் புத்தகத்தில் அந்நாளை எழுதி, 'ஒருமுறை, செத்தவீடு, நண்பருடைய மகன்' என்று குறித்தேன். இனிச் செத்தவீட்டுக்குப் போனால் தட்டம் வருமுன் பந்தலில் தண்ணீர் பரிமாறும் வேலையை ஏற்பேன் என்று புதியதொரு வினையெச்சமும் வகுத்தேன்.

ஊர் மாறுதல்

இதுகாறுங் கூறியவை ஒருவனுடைய மனத்தைப் பற்றியவை. ஒருவனுடைய மனம் மட்டும் போதுமோ? என்னிடம் குறிப்புப் புத்தகம் தர ஒரு வைத்தியர் இருந்தார்; மடியில் வைக்கச் சொல்ல ஒரு மனைவி இருந்தார். தோட்டத்திலே வெயிலில் நிற்பவருக்கு யார் இருக்கிறார்?

இந்தியாவிலே தாதா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் எர்ணாகுளம், பவநகர், ஸ்ரீகாகுளம் என்னும் மூன்று மாவட்டங்களில் 36,000க்கு மேற்பட்ட புகையிலைப் பழக்கமுடையோரிடையே நீண்ட முயற்சி ஒன்று செய்தனர். வீடு வீடாகப் போய் ஒவ்வொருவர் வாயையும் ஆண்டுதோறும் பார்த்து, நேரிற் பேசினர். ஐந்தாண்டுப் பயன் 1986இல் வெளிவந்தது. எர்ணாகுளத்திலே, அவ்வாறு பேசப்பட்டவர்களிற் பழக்கத்தை விட்டவர் கூடினர். வெண்தட்டுப் புதிதாகத் தோன்றியவர் குறைந்தனர். சுவரொட்டி செய்யாததை, வாசலில் வந்து நின்று பேசிய மனிதர் செய்தார்.

நம்மூரிலும் ஒன்று நிகழ்ந்தது. 2006இல் இலங்கையிலே புகையிலை, மதுபானச் சட்டம் வந்தது. 2016இல் வாயில் இட்டு மெல்லும் புகையிலைக் கலவைகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. சட்டம் செய்யாத ஒன்றை வணிகர் செய்தனர். 2019இல் நாடெங்கும் 107 நகரங்களின் கடைக்காரர் தாமாகவே சிகரெட்டு விற்பதை நிறுத்தியதாகச் செய்தி வந்தது. அவற்றில் மிகுதியானவை, 22 நகரங்கள், யாழ்ப்பாண மாவட்டத்தன. புகையிலையால் வாழ்ந்த மாவட்டம் அன்றோ இது! இலாபத்தை விட்டுக் கொடுத்த அக்கடைக்காரர் எவரும் அய்செனைப் படித்தவரல்லர். ஆனால் பக்கத்துக் கடைக்காரன் விற்கவில்லை என்பதைக் கண்டவர்.

இங்கே என் மனம் ஓரிடத்தில் நிற்கிறது. தந்தையார் கையிற் படிந்த புகையிலைக் கறையை நான் மறக்கவில்லை. அவர் சுற்றிய சுருட்டைப் பற்றியவர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இப்போது எண்ணாமலும் இருக்க முடியவில்லை. அப்பணத்திலேதான் நான் நன்னூல் வாங்கினேன். இவ்விரண்டையும் ஒன்றாக்கி ஒரு முடிபு சொல்ல என்னால் இயலவில்லை. மனம் முரணைப் பொறாது என்றார் ஃபெஸ்ரிங்கர். இம்முரணை மட்டும் பொறுத்துக்கொள்வதென்று இருக்கிறேன். அப்பா குற்றவாளி அல்லர் என்று நிறுவுவதற்காகவே என் வாயை எட்டு மாதம் பணயம் வைத்திருந்தேனோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சுகாதார பாடத்திலே 'புகையிலையின் தீமைகள் ஐந்து தருக' என்று நாம் கேட்கிறோம். பிள்ளை ஐந்தும் எழுதிப் புள்ளி பெறுகிறது. ஐந்தும் எழுதத் தெரிந்த பண்டிதன் ஒருவன் என்ன செய்தான் என்பதை மேலே கண்டீர்கள். இனி, 'நண்பன் ஒருவன் உனக்கு நீட்டினால், எந்தச் சொல்லைச் சொல்வாய், எந்தப் பக்கம் நடப்பாய்?' என்று கேட்டுப் பாருங்கள். விடை ஒரு வரியாக இருக்கட்டும். அவ்வரியிலே இடமும் நேரமும் இருக்கட்டும்.

பல் வைத்தியரிடம் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். தட்டு சிறுத்திருக்கிறது, முற்றாகப் போகவில்லை. கண்காணித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்கிறார்.

சென்ற வாரம் மீண்டும் 'மருந்து' அதிகாரம் படிப்பித்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா, நீங்கள் வெத்திலையை விட்டு எத்தனை மாதம்?" என்று கேட்டான். வகுப்பு அடங்கிப்போயிற்று. கேட்டவனைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

"பதினான்கு மாதம்" என்றேன். "அதிலே ஒரு நாளைக் கழித்துக்கொள்."